கொறங்காட்டுப் படல்

ஆடு மேய்கிற கொறங்காட்டின் வாசல் முள்படலுக்குக் குறுக்கே கட்டிலை இழுத்துப் போட்டு ஆத்தப்பன் உட்கார்ந்திருந்தார். எதிரே கம்பெனி வேன். பின்னால் கம்பிக் கூண்டு, கூண்டுக்குள் ஆண் நரி. மூக்கில் சளி வழிந்து காய்ந்திருந்தது. கண்கள் பீளையில் ஒட்டிக் கிடந்தன. இருமும்போதெல்லாம் விலா எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும் போலிருந்தது.

அமெரிக்கா ஆர்டர்கள் படுத்த வருஷம் அது. காலையில் நரி முகத்தில் விழித்தால் தொழில் நிமிரும் என்று தம்பி மகன் சுரேந்தருக்கு எவனோ சொல்லிவிட்டான். இந்தக் காட்டிலேயே, இவரைக் கேட்காமல் பொறி வைத்துப் பிடித்து, தன் பெருமாநல்லூர் பனியன் கம்பெனி வாசலில் காவல் நாய்கள் இரண்டுக்கும் பக்கத்தில் வைத்தான். வீட்டில் எழுந்ததும் கண்ணைக் கட்டிக்கொண்டு காரில் ஏறி, கூண்டு முன்னால் வந்துதான் அவிழ்ப்பானாம். ஆர்டர் வரவில்லை. நாய்கள் இரண்டும் இருமி இருமிச் செத்தன. அடுத்து நரி.

நாளைக்குச் சரக்கு வாங்குகிற வெள்ளைக்கார பையர் கம்பெனியைப் பார்க்க வருகிறான். நரியைக் கொன்றால் குடும்பத்துக்கு ஆகாதாம். பிடித்த இடத்திலேயே விட சுரேந்தர் வந்திருந்தான்.

"பெரீப்பா, கொஞ்சம் நகருங்க. அவுத்து உட்டுட்டுப் போயர்றனுங்க."

"டாக்டரு என்னடா சொன்னான்?"

"நாய்கிட்ட இருந்து வந்த வைரஸாமுங்க. நுரையீரல்ல எறங்கிருச்சாமா. மருந்து இல்லீன்னாருங்க."

டாக்டர்களை ஆத்தப்பன் நம்பியதே இல்லை. ஆனால் இரண்டு நாய், ஒரு நரி, ஒரே இருமல். அதைப் புரிந்துகொள்ளப் படிப்பு வேண்டியதில்லை. உள்ளே வேலியோரத்து வங்கில் பெட்டை நரியும் மூன்று குட்டிகளும் இருந்தன. இவருடைய ஆட்டுக்குட்டியைத் தூக்கிய பெட்டைதான். கல்லெடுத்துக்கொண்டு விரட்டியும் இருக்கிறார். அது அவருக்கும் அதற்கும் உள்ள வழக்கு.

"உள்ள குட்டிக இருக்குது. இத உட்டா ஒண்ணும் மிஞ்சாது."

"நரிதானுங்களே பெரீப்பா. உங்க ஆட்டத்தானுங்க திங்குது?"

"என்ற ஆடு. திங்கட்டும். உனக்கென்னடா வலிக்குது?"

டிரைவர் பாண்டித்துரை சிரிப்பை அடக்கிக்கொண்டு வானத்தைப் பார்த்தான்.

சுரேந்தருக்கு முகம் சிவந்தது. "இது எங்க தாத்தன் காடுங்க. எனக்கும் பாத்தியம் இருக்குது. ஆளுகளக் கூட்டியாந்து கட்டலோட தூக்கி வெச்சுருவனுங்க."

"தூக்குடா கண்ணு. அப்புடியே கொண்டுபோயி பாரஸ்டு ஆபீசுல எறக்கி உடு. நீ தெனமும் எந்த மூஞ்சில முழிச்சீன்னு நானே சொல்றேன்."

சுரேந்தர் செல்போனை எடுத்தான், பார்த்தான், சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். கூண்டைப் பாதைக்கு அந்தப் பக்கம் இறக்கச் சொன்னான்.

"என்னமோ பண்ணுங்க. எனக்கும் இதுக்கும் சம்பந்தமில்லீங்க."

வேன் போன பிறகு ஆத்தப்பன் ஒரு சாக்கை நனைத்துக் கூண்டின்மேல் போட்டார். கொட்டாங்குச்சியில் தண்ணீர் வைத்து உள்ளே தள்ளினார். நரி நக்கவில்லை. பொழுது சாய்கையில் காட்டுக்குள்ளிருந்து பெட்டை ஊளையிட்டது. கூண்டில் கிடந்ததன் காதுகள் நிமிர்ந்தன. கழுத்தை நீட்டி வாயைத் திறந்தது, இருமல்தான் வந்தது. மறுபடியும் திறந்தது. ஆத்தப்பன் எழுந்துபோய், படல் கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றி இறுக்கினார்.