குடிக்காதவன் குடியை விட்ட கதை

1

இந்தக் கதை எனக்கு உதித்ததல்ல. என் அண்ணன் கொடுத்தது. "பேரை மாத்திடு. மீசைய மட்டும் வெச்சிரு" என்றான். பெயரை ராஜாமணி ஆக்கினேன். மீசை இருக்கிறது, இப்போதைக்கு. அண்ணிக்கு லீலா என்று வைத்திருக்கிறேன். எங்கள் ஊர் ஸ்ரீபெரும்புதூர் என்றதும் இந்த 1991-இல் எல்லோரும் அந்தக் குண்டுவெடிப்பைத்தான் பேசுகிறார்கள். எங்களுக்கு எங்கள் பாடும் இருக்கிறது.

2

முதல் தொடக்கம்: காமம் என்னும் பெருநெருப்பு ராஜாமணியை

(அடித்துவிட்டேன். நெருப்பும் இல்லை, மண்ணும் இல்லை. சுங்குவார்சத்திரத்தில் வீடியோ கடைக்குப் பின்னால் ஓர் அறை, நாலு பெஞ்சு, 'அந்த மாதிரி' கேசட். அவ்வளவுதான்.)

இரண்டாவது தொடக்கம்: ஃபாக்டரியில் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்ததும் ராஜாமணி வீட்டுக்குப் போகமாட்டான், அந்த அறைக்குத்தான் போவான். லீலாவிடம் ஓ.டி. என்பான். வாரம் ஒரு நாள் என்றிருந்தது தினமும் ஆனது. ஆசைப்பட்டுப் பார்த்த காலம் போய், பார்க்காவிட்டால் வேலை ஓடாத காலம் வந்தது. தங்கையின் பட்டமளிப்பு விழா அன்றும் அங்கேதான் உட்கார்ந்திருந்தான். எங்கள் வம்சத்திலேயே முதல் பட்டம். ஃபீஸ் கட்டியவனே வரவில்லை.

(இங்கே அவனைப் பற்றி நான்கு வரி எழுதியிருந்தேன். அச்சில் ஏறாது.)

3

அந்த வெட்கம் பிடுங்கித் தின்ன, ஆஸ்பத்திரிக்குப் போனான். முதுகுவலி என்றான். மாத்திரை கொடுத்தார்கள். மறுபடி போனான், மறுபடி முதுகுவலி. மூன்றாம் தடவை டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு, முதுகைத் தவிர வேறெங்கே வலி என்று கேட்டார். சொல்லிவிட்டான். அவர் சிரிக்கவில்லை, சென்னையில் ஒரு மனநல டாக்டருக்குச் சீட்டு எழுதினார்.

அந்த டாக்டர் வியாழக்கிழமைகளில் குடிநோயாளிகள் வார்டில் உட்காருவார். வெளிப் பெஞ்சில் காத்திருந்த ராஜாமணியை, குடியை விட வந்திருந்த கண்ணப்பன் பார்த்துவிட்டான். ஒரே லைனில் வேலை செய்கிறவன். கட்டிப்பிடித்துக்கொண்டான்.

"இன்னா மச்சான், நீயுமா? வாசனையே வராம குடிச்சிக்கினு இருந்திருக்கியே. பெரிய ஆளுதான்."

ராஜாமணி சொட்டுக்கூடத் தொட்டதில்லை. ஆனால் மறுக்கவில்லை.

(அடிக்குறிப்பு: குடிகாரனுக்கு நம் ஊரில் அனுதாபம் உண்டு. திருந்தினால் மாலையே உண்டு. இவன் நோயை வாய்விட்டுச் சொல்லக்கூட முடியாது.)

மறுநாள் கண்ணப்பன் ஃபாக்டரி முழுக்கச் சொல்லிவிட்டான். சூப்பர்வைசர் கைகொடுத்தார். ஆளாளுக்கு வந்து வழி கேட்டார்கள். டாக்டர் தனக்குச் சொன்னதையே எடுத்துவிட்டான்: கடைப்பக்கம் போகாத பஸ்ஸில் ஏறு, ஆசை வரும் நேரத்தை நோட்டில் எழுது, தனியாக இராதே. இரண்டு பேர் நிஜமாகவே குடியை விட்டார்கள். அவனும் நாற்பது நாள் தாக்குப்பிடித்தான், ஒருநாள் வழுக்கினான், அதையும் நோட்டில் எழுதிவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினான்.

4

சேதி லீலாவுக்குப் போனது. தெரு முழுக்கச் சொன்னாள். அதோடு நின்றாளா? புருஷன் குடியை விட்டதற்கு, வருகிற கிருத்திகையன்று வல்லக்கோட்டை முருகனுக்கு முடி கொடுப்பதாக வேண்டிக்கொண்டாள். இடுப்புக்குக் கீழே தொங்குகிற முடி.

ராஜாமணிக்கு இது பொறுக்கவில்லை. இல்லாத குடிக்கு இருக்கிற முடியா?

அண்ணன் என்னிடம் வந்தது அப்போதுதான். கதையாக எழுதி அண்ணி கையில் கொடுத்துவிடேன் என்றான்.

"ஏன், உன் வாய்க்கு இன்னா வந்துச்சி?" என்றேன்.

ஆனாலும் எழுதிப் பார்த்தேன். முடிவு அ: அவன் சொல்கிறான், லீலா காலில் விழுந்து அழுகிறாள். (சினிமா.) முடிவு ஆ: லீலாவுக்கு எல்லாம் முன்பே தெரியும். (சோம்பேறித்தனம்.) முடிவு இ: "லீலா, நான் குடிச்சதே இல்ல. நான்

இந்த இடத்தில் நிறுத்தி, காகிதத்தை அவனிடமே கொடுத்தேன். மீதியை நீ எழுது, நீயே படித்துக் காட்டு என்றேன்.

5

மறுநாள் காகிதம் திரும்பி வந்தது. ராஜாமணியை எல்லா இடத்திலும் அடித்துவிட்டுத் தன் சொந்தப் பெயரை எழுதியிருந்தான். (அச்சுக்காகத் திரும்ப மாற்றியது நான்.) பாதி வரி முழு வரியாகியிருந்தது. அதன் கீழே பென்சிலில் அண்ணியின் கையெழுத்து, மூன்று வரி. ஒன்றை மட்டும் தருகிறேன்:

"நான் எதுக்கு முடி குடுக்கணும்? மீசைய அவுரு குடுக்கட்டும்."

மற்ற இரண்டும் அவர்கள் வீட்டு விஷயம்.

கிருத்திகையன்று வல்லக்கோட்டையில் முடியெடுக்கும் இடத்தில் நில்லுங்கள். இருவரும் வருவார்கள். அதுவரைக்கும்தான் எனக்குத் தெரியும். யார் குனிந்து உட்கார்கிறார், யார் பக்கத்தில் நின்று சிரிக்கிறார் என்று பார்த்து முடிவை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

நான் போகப்போவதில்லை. என் பட்டமளிப்பு விழாவுக்கு அவன் வந்தானா?