கல்பாலத்தின் அடியில்

சாலையை அகலப்படுத்த வந்த இன்ஜினியர், வழியிலிருந்த இரட்டை வளைவுக் கல்பாலத்தை மேலிருந்தே பார்த்துவிட்டு, "வலுவில்லை, இடிக்கலாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். கீழே ஒரே சேறு. அன்று அவர் காலில் புது ஷூ.

இடிக்கத் தொடங்கிய மூன்றாம் நாள் பொக்லைன் ஓட்டுநர் ஃபோன் செய்தார். "சார், நேர்ல வந்து பாருங்க. ஒரு வளைவை உடைக்கிறதுக்குள்ள வண்டிக்கே ரெண்டு பல்லு போச்சு."

இந்த முறை இன்ஜினியர் முழங்கால் சேற்றில் இறங்கினார். மிச்சமிருந்த வளைவை அண்ணாந்து பார்த்தார். பூச்சு எதுவும் இல்லாமல் கல்லைக் கல் கவ்விக்கொண்டிருந்தது. இடுக்கில் பேனா முனைகூட நுழையவில்லை. மாட்டுவண்டிக்கென்று கட்டிய பாலம், இத்தனை வருஷம் லாரிகளைச் சுமந்திருக்கிறது. ஆனால் நடுத்தூணில் இப்போது புதிதாக ஒரு விரிசல் ஓடியிருந்தது.

"இதையாவது விட்டுடலாமா சார்?" என்றார் ஓட்டுநர்.

"ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு முட்டுக் குடுத்து நின்னதுப்பா. இனிமே இது தனியா நிக்காது. இடிச்சிடுங்க." தன் குரலே அவருக்குக் கசந்தது.

கரையேறியவர் திரும்பி, "கல்லை மட்டும் உடைக்காம ஓரமா அடுக்கி வைங்க," என்றார்.

"எதுக்கு சார்?"

கரையில் கிடந்த முதல் வளைவின் கல் ஒன்றில் ஒட்டியிருந்த சேற்றை அவர் கையால் துடைத்தார்.