தொண்டையில் ஓடிய லாரி

1.

மூடிக் கிடந்த ஒரு கிடங்கின் பின்புறம், ஓர் ஆள் ஒரு பெண்ணின் கழுத்தில் கை வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். பதறிப்போய் போலீசுக்குப் போன் போடப் போனேன். அப்புறம்தான் அவருடைய இன்னொரு கையில் ரிமோட் இருப்பதும், தூரத்தில் ஒரு பொம்மை லாரி நைட்ரோ எரிபொருள் இன்ஜினில் புகை விட்டுக்கொண்டு ஓடுவதும் கண்ணில் பட்டது. நான் பார்த்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "சூரியன் மெல்ல..." வேண்டாம். சூரியனுக்கும் இந்தக் கதைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

மனிதர் அச்சகத்தில் மெஷின் ஓட்டியவர். மெஷின் அவர் காதை வாங்கிக்கொண்டுதான் ஓய்வு கொடுத்தது. மனைவி நூலகர். (கொஞ்சம் வசதியாக அமைந்துவிட்டதோ? இருந்துவிட்டுப் போகட்டும்.) பகலெல்லாம் வாயில் விரல் வைத்து எல்லோரையும் அடக்கிவிட்டு வருகிற அந்தம்மாவுக்கு, ஞாயிறானால் வீட்டுப் பின்பக்கம் இந்த லாரியின் வீறல். "அந்தச் சனியனை அணைங்க, மண்டை வெடிக்குது" என்பார். மனிதர் சிரித்துக்கொண்டே இன்னொரு சுற்று விடுவார். வருஷக்கணக்காக நடந்த கூத்து இது. இப்போது வீட்டில் குண்டூசி விழுந்தால்கூடக் கேட்கும், அந்தம்மாவுக்கு மட்டும். கேட்ட அமைதி கிடைத்துவிட்டது, அதில் உட்காரத்தான் முடியவில்லை.

3.

காது போன பிறகு மனிதர் பாட்டை விட்டார், நண்பர்களை விட்டார். இப்போது லாரியையும் விற்கப் போகிறாராம். "சத்தம் கேக்காம எப்படி டியூன் பண்றது? யாராவது நல்லா ஓட்டட்டும்." வாங்குபவர் மாலையில் வருகிறார்.

அந்தம்மாவுக்கு, இதுவும் போனால் இவர் நாற்காலியோடு நாற்காலியாகிவிடுவார் என்று பயம். முகத்துக்கு நேரே நின்று உதட்டை அசைத்துச் சொன்னார்: "என் காது என்னத்துக்கு இருக்கு? கிளம்புங்க."

4.

டியூனிங் பற்றிச் சுருக்கமாக (தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம்). எரிபொருளைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு உண்டு; இறுக்கினால் குறையும். கூடினால் இன்ஜின் செருமும், மந்தமாக ஓடும். குறைந்தால் புகையே இல்லாமல் கீச்சென்று பறக்கும், சூடேறிச் செத்துப்போகும். நடுவில் ஒரு மயிரிழை. லாரி தூரத்தில் முழு வேகத்தில் போகும்போதுதான் அது காதுக்குப் பிடிபடும்.

கிடங்கின் பின்புறம் வந்ததும் மனிதர் பழைய எரிபொருளைக் கொட்டினார், பிளக்கை மாற்றினார். இன்ஜின் கிளம்பிவிட்டது.

"எப்படி இருக்கு?"

"சளி பிடிச்ச மாதிரி."

திருகைக் கொஞ்சம் இறுக்கினார். "இப்போ?"

"ஆஹா, ரொம்ப நல்லா இருக்கு."

வால்புகையைக் காணோம் என்று பார்த்து, மனிதர் ஓடிப்போய் அணைத்தார். "நல்லா இருக்குன்னா எனக்கு என்ன தெரியும்? இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா வெந்திருக்கும்."

லாரியைப் பார்த்தால் உதட்டைப் பார்க்க முடியாது. உதட்டைப் பார்த்தால் லாரி சுவரில் மோதும். அந்தம்மா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அவர் கையை எடுத்துத் தன் தொண்டையில் வைத்து "ங்ங்ங்" என்றார்.

[இந்த இடத்தில் எனக்கே சந்தேகம். கற்பனையாக இருந்தால் அடித்திருப்பேன். பார்த்துத் தொலைத்துவிட்டேனே.]

5.

இன்ஜின் ஏறினால் குரல் ஏறியது, தணிந்தால் தணிந்தது. மனிதர் திருகைத் தளர்த்தினார், துளி இறுக்கினார், மறுபடி ஓட்டினார். திடீரென்று முகம் மலர்ந்தது. "இதுதான். இதுதான்டி."

அந்தம்மாவுக்கு அழுகை முட்டியது. இத்தனை வருஷம் திட்டிய சத்தத்துக்கு இப்படி ஏங்கிப்போயிருக்கிறோம் என்று அப்போதுதான் தெரிந்தது.

லாரி கிடங்கின் முனை திரும்பி மறைந்தது. அங்கே சத்தம் நின்றது.

அந்தம்மா குரலை நிறுத்தவில்லை, அவர் விரலையே பார்த்தார். மனிதர் ரிமோட்டின் விசையை அழுத்தினார், குரல் ஏறியது. விட்டார், இறங்கியது.

6.

முடிவு ஒன்று: லாரி கல்லில் இடித்து நின்றிருக்கிறது, ஒரு சேதமும் இல்லை. முடிவு இரண்டு: இன்ஜின் போயே போச்சு, வாங்க வந்தவர்... (அடித்துவிட்டேன்.) முடிவு மூன்று: இன்ஜின் நின்றது மனிதருக்கு எப்போதோ தெரியும், தெரிந்துதான்...

இல்லை, எழுதமாட்டேன். லாரியைத் திருப்பிக் கொண்டுவர அவர் ரிமோட்டின் குமிழைக் கட்டைவிரலால் தள்ளுகிறார். முனையில் ஒன்றும் வரவில்லை. கண் அங்கேயே இருக்கிறது, கையை எடுக்கவில்லை. அந்தம்மாவுக்குத் தொண்டை வறண்டுவிட்டது. நிறுத்தச் சொல்வதானால் நீங்களே போய்ச் சொல்லுங்கள். எனக்கு மனசு வரவில்லை.