ஃபுவாதினோ அத்தை போட்ட மார்க்

கடைசிக் கப்பல் நாலு மணிக்கு. இப்போது மணி ஒன்றே முக்கால்.

அதற்குள் ஃபுவாதினோ அத்தை ஒரு கையெழுத்துப் போட்டாக வேண்டும். இல்லையென்றால் என் வேலை காலி. ஏனென்றால், அவள் கையெழுத்துப் போட்டுவிட்டாள் என்று மூன்று வாரத்துக்கு முன்பே பிரிஸ்பேனுக்கு மின்னஞ்சல் தட்டிவிட்டிருந்தேன்.

அங்குள்ள பல்கலைக்கழகம் ஒன்று ஜூலையில் பன்னிரண்டு மாணவர்களை எங்கள் சவாயி தீவுக்கு அனுப்பப்போகிறது. மூன்று வாரம் ஊராரோடு தங்கி, ஊருக்கு உழைத்துப் படிக்கும் படிப்பு. உள்ளூர் ஏற்பாடுகளுக்கு நான், தைமானே. ஊர் மகளிர் குழு சம்மதிக்காமல் ஒரு மாணவன்கூட இறங்க முடியாது. குழுவின் தலைவி என் அப்பாவின் அக்கா. ஆறு முறை தாளை நீட்டியும், “நாளைக்குப் பாக்கலாம்” என்றவள்.

இன்றோ, மாணவர்களோடு வரப்போகும் பேராசிரியர் காலின் நேரில் வந்து பாயில் உட்கார்ந்துவிட்டார்.

“எல்லாத் தாளும் இருக்கு தைமானே. அத்தை கையெழுத்துப் போட்ட தாள் மட்டும்தான் வரணும்.”

“கிளம்பும்போது தந்துடுவாங்க சார்” என்றேன்.

காலின் திட்டத்தை வாசித்தார். தலைமைப் பண்பு, பரஸ்பரப் புரிதல், ஆழ்ந்த சுயசிந்தனை. நான் வியர்க்க வியர்க்க மொழிபெயர்த்தேன். பச்சைப் பூப்போட்ட சீருடையில் எட்டுப் பெண்கள் அசையாமல் கேட்டார்கள்.

“அதெல்லாம் சரி,” என்றாள் அத்தை. “பெருக்கத் தெரியுமா?”

“என்ன கேக்கிறாங்க?”

“மாணவர்களோட செயல்திறன் பத்தி, சார்.”

“பிரமாதமான கேள்வி!”

அத்தை விடவில்லை. “போன வருஷம் வேற ஒரு கூட்டம் வந்து பள்ளிக்கூடச் சுவருல டால்பின் வரைஞ்சிட்டுப் போச்சு. நாங்க டால்பினா கேட்டோம்? கக்கூஸுக்குக் கதவு கேட்டோம். மாசாமாசம் எல்லா வீட்டையும் சுத்தமா இருக்கான்னு சோதிக்கிறோம். விருந்தாளிக்கும் அதே சட்டம்தான். பிள்ளைங்க இங்க இல்ல. வாத்தியார் இருக்காருல்ல?”

மணி இரண்டேகால். காலின் கையில் ஈர்க்கு விளக்குமாறு.

சீமைப்பலா மரத்தடியில் அவர் காற்றை எதிர்த்துப் பெருக்கினார். இலைகள் மொத்தமும் அவர் காலுக்கே திரும்பி வந்தன.

“ஏண்டி, பெருக்குறாரா, தரைக்குச் சொறிஞ்சு விடுறாரா?” என்றாள் குழுவில் ஒருத்தியான லெயூதா.

“சும்மா இரு. இலைக்கு வழி தெரியலை, பாவம்!” என்றாள் இன்னொருத்தி.

அடுத்து தட்டு கழுவல். ஒரு தட்டுக்கு அரை சோப்பு. கடைசியாக, சம்மணம் போட்டு அரை மணி நேரம். எட்டாவது நிமிடமே மனிதர் காலை நீட்டிவிட்டார், நேராக அத்தையைப் பார்த்து! லெயூதா பாய்ந்து வந்து ஒரு பாயை எடுத்து அவர் கால்மேல் போட்டு மூடினாள்.

மூன்று பத்து. துறைமுகத்துக்கு இருபது நிமிடம்.

அத்தை நோட்டில் எழுதினாள். “பத்துக்கு ரெண்டு.”

“அந்த ரெண்டு எதுக்கு அத்தை?”

“குடிச்ச கோகோ கோப்பையைத் தானே எடுத்து வெச்சாரு.”

இனி மறைத்துப் பயனில்லை. அவள் காதோரம் குனிந்து எல்லாவற்றையும் கொட்டினேன். மின்னஞ்சல், பொய், வேலை.

அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “நான் போடாத கையெழுத்தைப் போட்டதா எழுதிட்டியா?”

“தப்புதான் அத்தை. இவர் ஃபெயில்னா நானும் ஃபெயில்.”

“மண்டு! பெருக்கத் தெரிஞ்சவன் எதுக்குடி கப்பலேறி இங்க படிக்க வரணும்? தெரியாதவன்தான் வரணும். கொடு பேனாவை!”

கையெழுத்து விழுந்தது. நிபந்தனைகளும் விழுந்தன. முதல் வாரம் பெருக்கல் மட்டும். சுவரைத் தொடக்கூடாது. மார்க் குழு போடும்.

பிறகு தேதிக் கட்டத்தில், கொட்டை எழுத்தில், இன்றைய தேதி.

“அத்தை...!”

“நான் பொய் எழுதமாட்டேன்.” நோட்டிலிருந்து மார்க் பக்கத்தைக் கிழித்து அந்தத் தாளோடு சேர்த்துப் பின் அடித்தாள்.

துறைமுகம். மூன்று ஐம்பது. கப்பல் சங்கு ஊதியது. காலின் தாளைப் பிரித்தார். அவர் புருவம் உயர்ந்தது.

“தைமானே, இதுல இன்னிக்குத் தேதி இருக்கே?”

“அடுத்த பக்கத்தையும் டீன் படிப்பாரு, சார்.”

புரட்டினார். மொழி தெரியாவிட்டாலும் இரண்டின் கீழ் பத்து என்பது எல்லா மொழியிலும் ஒன்றுதான். அவர் காது சிவந்தது.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

“இதை... திருத்திய பிரதின்னு சொல்லிடலாம்,” என்றார் மெதுவாக, பின்னை நெம்பி மார்க் தாளைப் பிரித்துச் சட்டைப்பையில் செருகியபடி. “நிபந்தனையைச் சேர்த்துப் புதுசாக் கையெழுத்து வாங்கினோம். சரிதானே?”

“ரொம்பச் சரி, சார்.”

கப்பல் பலகையில் ஏறியவர், எதையோ நினைத்து மார்க் தாளை மறுபடி வெளியே எடுத்தார். “கடைசியில ஒரு வரி எழுதியிருக்காங்களே, என்ன அது?”

எட்டிப் பார்த்தேன். அத்தையே எழுதியதுதான்.

“ஜூலையில மறுதேர்வாம், சார். உங்களுக்கும் எனக்கும்.”