மேல்குழாயில் ஒரு நசுங்கல்

கூரைமேல் சைக்கிள் கட்டியிருப்பதை மறந்து, வாகன நிறுத்தகத்தின் தாழ்ந்த வாயிலுக்குள் கணவர் காரை ஓட்டியபோது எழுந்த ஓசையைவிட, அடுத்து அவர் உதிர்த்த வாக்கியம்தான் அவளுக்கு நாராசமாக ஒலித்தது.

"இவ்வளவு தாழ்வா வாசல் கட்டினவன் எவன்?"

சைக்கிள் அவளுடையது. எடை குறைந்த அலுமினியச் சட்டகம். காலை ஆறு மணிக்கு, வீட்டு வாசலில் தொடங்கும் நீண்ட இறக்கத்தில் அவளை ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டுசேர்ப்பது அதுதான். கூடத்தில் ரத்தம் தடவிய கண்ணாடித் தகடுகளை நுண்ணோக்கியில் பார்ப்பவள் அவள். கண்ணுக்குத் தெரியவில்லை என்பதற்கும் இல்லவே இல்லை என்பதற்கும் இடையே உள்ள தூரத்தை அறிந்திருப்பதற்காகவே அங்கே சம்பளம் வாங்குகிறாள்.

அவள் கணவருக்கு, ஞாயிறுதோறும் கூட்டமாகச் சைக்கிள் மிதிக்கும் நண்பர்கள் 'நிபுணர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அதிலிருந்த கிண்டல் விளங்காத ஒரே ஆள் அவர்தான். சைக்கிளின் எடையைக் குறைக்கத் திருகாணிகளைக்கூட மாற்றுவார்; தொப்பைக்காக ஒரு கவளத்தையும் விட்டுக்கொடுக்க மாட்டார். அன்று வீடு திரும்பியதும், இருக்கைக்கும் கைப்பிடிக்கும் இடையே ஓடும் மேல்குழாயின் நடுவில் கட்டைவிரல் அகலத்துக்கு விழுந்திருந்த நசுங்கலை ஐந்து கோணங்களில் படமெடுத்துக் குழுவுக்கு அனுப்பினார். கூடவே, 'காற்றில் சாய்ந்து விழுந்துவிட்டது' என்று ஒரு வரி. தேநீர் ஆறுவதற்குள் தீர்ப்புகள் வந்து குவிந்தன.

"பார்த்தியா, பதினாலு பேர் சொல்லிட்டாங்க. ஒண்ணுமே இல்லையாம்."

"பதினாலு பேரும் காத்துல விழுந்த சைக்கிளைத்தானே பார்த்தாங்க."

"எப்படி விழுந்தா என்ன? நசுங்கல் நசுங்கல்தான்."

சனிக்கிழமை அவள் சைக்கிளைப் பழுதுபார்ப்பவரிடம் எடுத்துப் போனாள். தன் தீர்ப்பு தன் முதுகுக்குப் பின்னால் மறுவிசாரணைக்குப் போவதைப் பொறுக்காமல் அவரும் கூடவே வந்தார். பழுதுபார்ப்பவர் ஒரு வார்த்தைதான் கேட்டார்: "எப்படி அடிபட்டுச்சு?"

"சாய்ஞ்சு விழுந்துச்சு" என்றார் கணவர்.

"கார் மேல நின்னுட்டிருந்துச்சு. தாழ்வான வாசல்ல போய் மோதுச்சு" என்றாள் அவள்.

"அதை முதல்ல சொல்லணும்ல" என்று அவளைப் பார்த்துச் சொல்லிவிட்டு, பழுதுபார்ப்பவர் நசுங்கலை விரலால் ஒருமுறை தடவினார். "இது ஒண்ணும் பண்ணாது. குழாயோட நடுவுல, மடிப்பு இல்லாம வழவழன்னு இருக்கு."

கணவரின் மார்பு இரண்டு அங்குலம் விரிந்தது. அது சுருங்குவதற்குள் பழுதுபார்ப்பவர் கீழே குந்தி, கைப்பிடிக்குக் கீழே முன்குழாயோடு கீழ்க்குழாய் சேரும் பற்றவைப்பின் அடிப்பக்கத்தைத் துடைத்தார். பிறகு ஒரு பிடி பஞ்சை எடுத்து அந்த இடத்தில் மெல்ல இழுத்தார். ஒரு இழை சிக்கி நின்றது. அதை ஊதிவிட்டு மறுபடி இழுத்தார். அதே இடத்தில் மறுபடி ஒரு இழை.

"பெயிண்ட்ல மட்டும் விரிசல் விட்டிருக்கலாம். உள்ளேயும் போயிருக்கலாம். இரும்புன்னா வளைஞ்சு காட்டிக்கொடுக்கும். அலுமினியம் சொல்லாம கொள்ளாம போயிடும், மேடம்."

"இருக்கலாம், போயிருக்கலாம்னா என்ன அர்த்தம்? உறுதியா சொல்லுங்க."

"உறுதியா சொல்லணும்னா அது உடையணும் சார்."

"எங்க குரூப்ல போட்டோ பார்த்தே சொல்லிட்டாங்க."

"போட்டோல பார்த்தா நானும்தான் நல்லா இருப்பேன்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவர் பழுதுபார்ப்பவரின் படிப்பு, நோக்கம், நகத்தின் அழுக்கு எல்லாவற்றையும் ஆராய்ந்தார். சைக்கிளைச் சுவரில் சாய்த்த பிறகுதான் உண்மை வெளியே வந்தது.

"ஃப்ரேமை மாத்தினா குரூப்ல கேப்பாங்க. காத்துல விழுந்ததுக்கா மாத்தினேன்னு. நான் என்னன்னு சொல்றது?"

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. கோபத்துக்கு எதிராளியிடம் கொஞ்சமாவது மதிப்பு மிச்சமிருக்க வேண்டும். இந்த மனிதர் தராசின் ஒரு தட்டில் அவள் கழுத்தையும் மறு தட்டில் 'நான்தான் மோதினேன்' என்ற இரண்டு சொற்களையும் வைத்துப் பார்த்திருக்கிறார். கழுத்துதான் லேசாக இருந்திருக்கிறது. திருகாணி அளவுக்கு லேசாக.

மறுநாள் விடிந்ததும் இருக்கையை அவர் உயரத்துக்கு ஏற்றிவிட்டு அவரை எழுப்பினாள்.

"இறக்கம் முடியிற வரைக்கும் இதுல ஒரு தடவை போயிட்டு வாங்க. நாளைக்கு நான் எடுத்துட்டுப் போறேன்."

"உன் சைக்கிள் எனக்குச் சின்னது."

"சீட்டை ஏத்திட்டேன்."

"இன்னைக்குக் காத்து அதிகம்."

"ஆமா. காத்துல விழுந்த சைக்கிள்தானே, பழக்கமாயிருக்கும்."

தலைக்கவசத்தின் வாரை அவர் இருமுறை இறுக்கினார். கல்லாய் இறுகியிருந்த சக்கரத்தைக் கட்டைவிரலால் அழுத்தி, காற்று குறைவு என்று முணுமுணுத்தார். பிறகு ஏறாமலேயே கைப்பிடியைப் பற்றி, வேடிக்கை பார்க்க வந்தவர்போல் உருட்டிக்கொண்டு இறக்கத்தில் நடந்தார். படியில் நின்ற அவளுக்குச் சிரிப்பு முட்டியது. அவர் இப்படியே கீழேவரை நடந்து, இப்படியே திரும்பி வந்தால் போதும். அதற்குமேல் அவள் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை.

பாதி இறக்கத்தில், வளைவுக்குச் சற்று முன், அவர் திரும்பிப் பார்த்தார். அவள் இன்னும் நிற்பதையும் சிரிப்பதையும் அத்தனை தூரத்திலிருந்தும் கண்டுகொண்டார் போலும். முதுகு விறைத்தது. ஒரு காலைத் தூக்கி இருக்கைக்கு மேலாகப் போட்டார்.

அவள் ஒரு படி கீழே இறங்கினாள். கூப்பிடலாம், குரல் எட்டும் தூரம்தான். கீழே ஒரு பால் வண்டி திணறியபடி ஏறி வந்துகொண்டிருந்தது. அவர் அதற்கு வழிவிடுவதுபோல ஓரமாக நின்றார். ஒரு கால் மிதியின்மேல். இன்னொன்று இன்னும் தரையில்.