எல் போர்டு மாட்டித் தப்பி ஓடியவர்கள்

மூன்று மாதம் மண்டையைக் குடைந்து திட்டம் போட்டார் பூட்டுக்காரர். அந்த வங்கியின் பெட்டக அறைக் கதவைப் பழுது பார்த்தவரே அவர்தான் என்பதால், உள்ளே நுழைவது அவருக்குச் சொந்த வீட்டுக்குப் போகிற மாதிரி. வெளியே வந்தபின் எப்படி ஓடுவது என்பதுதான் பிடிபடவில்லை. அதற்காகத் தங்கையின் வீட்டுக்காரரைப் பிடித்தார்.

அந்த மாப்பிள்ளை டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். பதினெட்டு வருடம் ஊருக்கே வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர். நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டி ஓட்டியதில்லை. மச்சான் பேச்சை மட்டும் தட்டமாட்டார். கொள்ளையடிக்கப் போகிறவனுக்கு வேறென்ன தகுதி வேண்டும்?

காலை பதினோரு மணிக்கு முகமூடியும் பொம்மைத் துப்பாக்கியுமாக இருவரும் உள்ளே போனார்கள். ஏழே நிமிடம். ஒரு பூட்டும் உடையவில்லை. பின்சந்தில் நிறுத்தியிருந்த காரையும் யாரும் பார்க்கவில்லை. எல் போர்டு மாட்டி, நாலு பக்கமும் ஸ்கூல் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதிய கார். ரகசியம் என்றால் அப்படியொரு ரகசியம்.

பையோடு பின்சீட்டில் விழுந்த பூட்டுக்காரர் கத்தினார். "மிதி மாப்ள!"

மாஸ்டர் சீட் பெல்ட் போட்டார். கண்ணாடியைச் சரிசெய்தார். இண்டிகேட்டர் போட்டுவிட்டுக் கிளம்பினார். அலறிக்கொண்டு எதிரே வந்த போலீஸ் வண்டிக்கு மரியாதையாக ஓரங்கட்டி வழிவிட்டார். அடுத்த சிக்னலில் மஞ்சள் விளக்கைப் பார்த்ததுமே நின்றுவிட்டார்.

"மாப்ள, நாம திருடிட்டு ஓடிட்டு இருக்கோம்."

"தெரியுது மச்சான். அதுக்காக சிக்னலை மீற முடியுமா?"

அப்போது மாஸ்டரின் மனைவி போனில் வந்தாள். "எங்க போய்த் தொலைஞ்சீங்க? பன்னண்டு மணி கிளாஸுக்கு டீச்சர் வாசல்லயே நிக்கிறாங்களாம்."

"இதோ போறேன்மா."

பூட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு யோசித்தார். ஒரு வயதான அம்மா திக்கித் திணறி ஓட்டுகிற காரை எந்தப் போலீஸ் சந்தேகப்படும்? தன் மூளையை எண்ணித் தானே பூரித்துப்போனார்.

அந்த அம்மா ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். லைசென்ஸ் தேர்வில் நாலு முறை பெயில். மாஸ்டரின் காலடியில் தனியாக ஒரு பிரேக் இருந்ததால்தான் இருவரும் இன்னும் உயிரோடு இருந்தார்கள்.

"பின்னாடி யாரு மாஸ்டர்?" என்றார் டீச்சர், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி.

"என் மச்சான். அடுத்த கிளாஸ் இவருக்குத்தான்."

"என்ன வேலை பாக்குறீங்க தம்பி?"

வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். தொழில் கர்வம் விடவில்லை. "பூட்டு ரிப்பேர்மா. நான் திறக்காத பூட்டே கிடையாது."

பெரிய சாலையில் தடுப்பு போட்டிருந்தார்கள். சரியாக அங்கே போய் கார் மூன்று முறை அணைந்தது. ஒரு காவலர் குனிந்து, "பயப்படாதீங்கம்மா, கிளட்சை மெதுவா விடுங்க" என்று பாடமே எடுத்தார்.

"எதுக்கு சார் இவ்வளவு போலீஸ்?"

"பேங்க்ல கொள்ளைம்மா. ரெண்டு பேரு. பூட்டை உடைக்கவே இல்ல, சாவி போட்ட மாதிரி திறந்திருக்கானுங்க. சரி சரி, கிளம்புங்க, பின்னாடி ஹாரன் அடிக்கிறாங்க."

கணக்கு டீச்சருக்குக் கூட்டல் சொல்லித்தர வேண்டியதில்லை. பின்கழுத்தில் பூட்டுக்காரரின் மூச்சு பட்டது. காவலரிடம் சொல்ல நாக்கு எழவில்லை. கிளட்சை விட்டார். கார் குலுங்காமல் நகர்ந்தது.

"இடது பக்கம் திரும்புங்க டீச்சர்," என்றார் மாஸ்டர்.

டீச்சர் வலது பக்கம் திரும்பினார். அந்தப் பக்கம் காவல் நிலையம் இருந்தது. "மாஸ்டர், பேங்க்லேருந்துதானே வர்றீங்க?"

பூட்டுக்காரர் துப்பாக்கியை நீட்டினார். டீச்சர் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தார். "உள்ள வைங்க தம்பி. வகுப்புல பசங்ககிட்ட இந்த மாதிரி எத்தனை பிடுங்கியிருக்கேன்."

"மாப்ள, பிரேக்கைப் போடு!"

மாஸ்டரின் கால் பிரேக்கின் மேலேயே இருந்தது. இரண்டாவது கியர், மூன்றாவது கியர். ஒரு உதறல் இல்லை. ஒன்றரை வருடமாக அவர் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லிக்கொடுத்தது இப்போதுதான் அந்த அம்மாவுக்கு வந்திருக்கிறது. நடுவழியில் நிறுத்தினால் மறுபடி பயந்துபோவார். இனி எவ்வளவு தூரம்தான் ஓடுவது என்றும் இருந்தது. காலை எடுத்துவிட்டார்.

"அப்படியே போங்க டீச்சர். நல்லா வருது."

காவல் நிலைய வாசலில் பார்க்கிங் கோட்டுக்குள் கச்சிதமாக நின்றது கார். பூட்டுக்காரர் கதவைத் திறந்து ஓடப் பார்த்தார். பின்கதவில் குழந்தைகளுக்கான பூட்டு போட்டிருந்தது. உள்ளேயிருந்து திறக்காது.

மறுவாரம் சிறைக்கு வந்த மாஸ்டரின் மனைவி கம்பிக்கு அந்தப்பக்கம் நின்று கேட்டாள்.

"எங்கண்ணன் கூப்பிட்டதும் பேங்குக்குக் கிளம்பிட்டீங்க. நான் காய் வாங்கக் கூப்பிட்டா ஒரு நாள் வந்திருக்கீங்களா?"