சோப்புக்காரரின் நாக்கு

சோப்புக்காரருக்கு நாக்குதான் தராசு. வார்த்த சோப்பு இறுகியதும் ஈர விரலால் அதைத் தேய்த்து, விரலை நுனிநாக்கில் வைப்பார். எண்ணெயில் அடங்கிய அமிலமும் அதில் கலக்கும் சோடாக் காரமும் ஒன்றையொன்று முழுசாகப் பிடித்துக்கொண்டிருந்தால் நாக்குக்கு ஒன்றும் தெரியாது. காரம் மிஞ்சி நின்றால் சுருக்கென்று குத்தும். அந்தச் சோப்பு தோலை அரித்துவிடும். தொழிலில் பலரும் செய்கிற சோதனைதான். இவர் என்னமோ தானே கண்டுபிடித்தது போல மார்தட்டிக்கொள்வார்.

அந்த நாக்கு மரத்துப் போனது மனைவிக்கு மட்டும்தான் தெரியும். நெடுங்காய்ச்சலில் கிடந்து எழுந்ததிலிருந்து, "என்ன சமையல் இது, உப்பும் இல்ல, உறைப்பும் இல்ல" என்று தட்டைத் தள்ள ஆரம்பித்தார். இரண்டு பங்கு மிளகாய் போட்டாலும் அதே பாட்டு. அவளுக்கு விளங்கிவிட்டது. சொல்லத்தான் மனம் வரவில்லை. அந்தப் பெருமையையும் பிடுங்கிக்கொண்டால் மனுஷனிடம் என்ன மிஞ்சும்? அவர் பார்த்து முடித்த சோப்பையெல்லாம் பின்னாலேயே போய்த் தன் நாக்கில் வைத்துப் பார்த்தாள். குத்தியதைத் தரை கழுவ ஒதுக்கிவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

மகளுக்குக் குழந்தை பிறந்தது. பேத்தியின் முதல் சோப்பை வாசனை, சாயம் எதுவும் சேர்க்காமல் அவரே காய்ச்சினார். மனைவி பட்டறைக்குள் வந்தபோது அதைக் காகிதத்தில் சுற்றி, மகள் வீட்டுக்குக் கிளம்பச் செருப்பையும் மாட்டியிருந்தார்.

"பாத்துட்டீங்களா?"

"பாக்காமலா? பட்டு மாதிரி இருக்கு."

"கொஞ்சம் குடுங்க."

நாக்கில் வைத்ததுமே சுருக்கென்று ஏறி, கண்ணில் தண்ணீர் வந்தது. சொன்னால் இவர் உடைந்துவிடுவார். சொல்லாவிட்டால் அந்தப் பிஞ்சு உடம்பு வெந்துபோகும்.

"இது வேணாங்க. காரம் நிக்குது."

"யாரு சொன்னா?" என்று பிடுங்கி, அவரும் வைத்துப் பார்த்தார். மறுபடி பார்த்தார், எதுவும் குத்தவில்லை. பிறகு அவள் கண்ணில் நின்ற தண்ணீரைப் பார்த்தார். மெதுவாக முக்காலியில் உட்கார்ந்தார்.

"அப்போ சமையல்ல உறைப்பெல்லாம் போட்டுட்டுத்தான் இருந்தியா?"

"ம்."

"உப்பு?"

"அதுவுந்தான்."

கையிலிருந்த சோப்பை அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்போ இத்தனை மாசமா சோப்பை யாரு பாத்தா?"

அவள் தரையைப் பார்த்தாள்.

"நாக்கை நீட்டு."

வைத்தியரிடம் போன குழந்தை மாதிரி நீட்டினாள். நுனி சிவந்து, தோல் உரிந்திருந்தது. அவருக்கு மூக்கு மேல் கோபம் வரும் என்று அவள் காத்திருந்தாள். அவரோ எழுந்து வெளியே போனார்.

ரசாயனக் கடையிலிருந்து, காரம் பட்டால் நிறம் மாறும் மருந்து உள்ள சின்னப் புட்டியோடு திரும்பினார். பேத்தியின் சோப்பை நனைத்து ஒரு சொட்டு விட்டார். அடர் ரோஜா நிறம் பாய்ந்தது. நல்ல சோப்பு ஒன்றில் விட்டார். நிறம் லேசாகத்தான் எட்டிப் பார்த்தது.

"இனிமே இது சொல்லும். வேற காய்ச்சுறேன்."

"உங்க நாக்கு..." என்று இழுத்தாள்.

"அது போனா போகட்டும், உன் நாக்கு எனக்கு வேணும். இத்தனை மாசம் உன் சமையலை வாய்க்கு வந்தபடி பேசியிருக்கேன். ஒரு வார்த்தை திருப்பித் திட்டல நீ. இப்ப ஆரம்பி, கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன்."